கீமோ வேண்டாம் என்றார்கள்

முதலில் எனக்கு ஒரு கேன்சர் என்றார்கள். பிறகு அது பரவியிருக்கிறது என்றார்கள். அதற்கும் பிறகு, இல்லை, பரவவில்லை, தனித்தனியாக இரண்டு வந்திருக்கிறது, நல்ல செய்திதான் என்றார்கள். இவ்வளவும் ஒரே குளிர்காலத்துக்குள். இதை யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்குக் குழம்பிவிடுகிறது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. மெல்பர்னுக்கு மேற்கே பொயிண்ட் குக்கில் வீடு. கணவர், பதினோராம் வகுப்பு படிக்கும் மகள், நான். கணவருக்கு மென்பொருள் வேலை. நான் திருச்சியில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள், இங்கே வந்து, குழந்தைகள் காப்பகம் ஒன்றில் மூன்று வயதுக்காரர்களின் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். நாள் முழுக்கக் குனிவதும் தூக்குவதும்தான். அதனால் இடுப்பு வலித்தபோது வேலைமேல் பழி போட்டேன். மாதவிடாய் முன்னும் பின்னும் வந்தபோது வயதின்மேல் பழி போட்டேன். திருச்சியில் இருக்கும் அக்காவும் போனில் அதையேதான் சொன்னாள்.

"நிக்கப்போற நேரத்துல அப்படித்தான் ஊத்தும்டி. எனக்கும் ஊத்துச்சு. கறிவேப்பிலை நிறைய சாப்பிடு."

கறிவேப்பிலை சாப்பிட்டேன். நிற்கவில்லை. ஒருநாள் காப்பகத்தில் கதை வாசித்துவிட்டுப் பாயிலிருந்து எழுந்தபோது ஒரு குழந்தை, "உனக்கு அடிபட்டுவிட்டதா?" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பாயில் கறை. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, அன்று மாலையே குடும்ப டாக்டரிடம் போனேன்.

ஸ்கேனில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. கருப்பையின் உள்படலம் தடித்திருந்தது. இடது சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி. நீர்க்கட்டி எனக்குப் பழகிய சொல். கல்லூரி விடுதியிலேயே பாதிப் பேருக்கு அது இருந்தது. அதனால் அதுதான் காரணம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். ஆனால் உள்படலத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பார்த்ததில் கேன்சர் அங்கே இருந்தது.

என்னைப் பார்த்த அறுவை மருத்துவர் ஒரு பெண். உயரமானவர், வேகமாகப் பேசுகிறவர். பேசிக்கொண்டே படம் வரைவார். கருப்பையைத் தலைகீழான பேரிக்காய்போல வரைந்து, அதன் உள்ளே ஓரமாக ஒரு சின்னக் கோடு போட்டு, "இவ்வளவுதான். ஆரம்ப நிலை. கருப்பை, குழாய்கள், சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்," என்றார்.

"அந்த நீர்க்கட்டி?" என்று கணவர் கேட்டார்.

"அதுவும் சேர்ந்து வந்துவிடும். சாதாரணமானதாகத்தான் இருக்கும்."

அறுவை சிகிச்சை நல்லபடியாகவே நடந்தது. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள்தான். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பால் கேனைக்கூடத் தூக்கக் கூடாது என்று உத்தரவு. அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எங்கள் சமையலறையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

அவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். கணவர் இறந்து சில வருடங்களாகத் தனியாக இருக்கிறார். எங்கள் தெருவில் அவரும் நாங்களும்தான் தமிழ். ஆனால் வந்த புதிதில் அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசியதில் கொஞ்சம் அவருக்குப் புரியாது. "நீங்கள் படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்கள்," என்பார். இப்போது பிட்டும் மீன்குழம்புமாக வந்து, "குசினிப் பக்கம் வரக்கூடாது, அந்தக் கதிரையிலை இரும்," என்று என்னை உட்காரவைத்துவிடுவார். எங்கள் பகுதித் தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவும் முறைபோட்டுச் சாப்பாடு அனுப்பியது. பிசிபேளாபாத், தக்காளித் தொக்கு, ஒரே வாரத்தில் மூன்று வீட்டிலிருந்து வத்தக்குழம்பு. என் மகள் கடைசியில், "அம்மா, ப்ளீஸ், நோ மோர் குழம்பு," என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அறிக்கை வந்த அன்று டாக்டர் படம் வரையவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த நீர்க்கட்டியிலும் கேன்சர் செல்கள் இருக்கின்றன," என்றார்.

கணவர் என் கையைப் பிடிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டார்.

கருப்பையிலிருந்து சினைப்பைக்குப் பரவியிருக்கலாம் என்றார் டாக்டர். அப்படியானால் அது மூன்றாம் நிலை, கீமோ தேவைப்படும். வேறு மாதிரியும் இருக்கலாம், ஆய்வகத்தில் இன்னொரு முறை பார்க்கிறார்கள், குழுவாகக் கூடிப் பேசுவோம், ஆனால் கீமோவுக்கு இப்போதே தயாராக இருப்பது நல்லது. அந்த "வேறு மாதிரி" என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. மூன்று என்ற எண்ணுக்குப் பிறகு இரண்டு பேர் காதிலும் எதுவும் ஏறவில்லை. காரில் ஏறிய பிறகு கணவர், "மூணுன்னா மொத்தம் எத்தனை?" என்று கேட்டார். "நாலு" என்றேன்.

கீமோ பிரிவின் நர்ஸ் எனக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். சாய்வு நாற்காலிகள், போர்வைகள், பிஸ்கட் டப்பா. முடி கொட்டும் என்றார். பலர் முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்வார்கள், கொத்தாகக் கொட்டும்போது இருக்கும் அதிர்ச்சி குறையும் என்றார். எனக்கு இடுப்புவரை முடி. மகளும் நானும் வெரிபீ கடைவளாகத்தில் இருக்கும் ஒரு முடிதிருத்தகத்துக்குப் போனோம். வெட்டிய பெண், "நிச்சயம்தானே?" என்று இரண்டு முறை கேட்டாள். மகள் என் பின்னல் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "இட்ஸ் ஸோ ஹெவி," என்றாள். பிறகு கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்று போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் டாக்டரே போனில் அழைத்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் குழு கூடியது என்றார். ஆய்வகத்தினர் மறுபடி பார்த்ததில், இது பரவிய கேன்சர்போல இல்லை, கருப்பையில் ஒன்று, சினைப்பையில் ஒன்று, இரண்டும் ஒரே சமயத்தில் தனித்தனியாக வந்தவைபோலத் தெரிகிறது என்றார்.

"இரண்டா?" என்றேன்.

"ஆமாம். நல்ல செய்தி. கீமோ வேண்டாம். புதன்கிழமை வாருங்கள், விரிவாகச் சொல்கிறேன்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஈரச் சட்டை ஒன்று தோளில் கிடந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் எதற்கு? காலையில் ஒரு கேன்சரோடு எழுந்தவள் இப்போது இரண்டோடு நிற்கிறேன். உள்ளே போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாள் அது. "ரெண்டு" என்ற சொல் வந்ததும் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இல்லைங்க, இது நல்லதாம்," என்றேன். "யாருக்கு?" என்றார்.

எப்படியோ கீமோ இல்லை என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் பிடிபட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நான் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "கீமோ வேண்டாம்னு டாக்டர்ஸ் சொல்லிட்டாங்க. இனிமே யாரும் சாப்பாடு அனுப்ப வேண்டாம். இவ்வளவு நாள் என்னைப் பார்த்துக்கிட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி."

இன்று படித்தால் எனக்கே புரிகிறது. அன்று புரியவில்லை. குழுவில் கும்பிடும் கைகளாக வந்தன. அழும் முகம் ஒன்று. "தைரியமா இருங்க" என்று ஒருத்தர். "உங்க மகளை எங்க மகள் மாதிரி பாத்துக்குவோம்" என்று இன்னொருத்தர். நான் அதைப் படித்துவிட்டு, இவர் ஏன் மகளைப் பற்றிச் சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டும் சத்தம்.

ஆன்ட்டி. அந்தக் குழுவில் இருக்கும் ஒரே இலங்கைத் தமிழர் அவர்தான். கையில் ஜெபமாலை. கோயிலுக்குப் புறப்பட்டவர் பாதியில் திரும்பி வந்திருக்க வேண்டும், நல்ல சேலை கட்டியிருந்தார். என் குட்டை முடியைத் தடவினார்.

"டொக்டர்மார் கைவிட்டுட்டினமோ, பிள்ளை?"

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. கீமோ தேவையில்லையாம். நல்ல விஷயம்தான்."

"அதைத்தானே கேக்கிறன்." உட்கார்ந்தார். "என்ர மனுசனுக்கும் அப்பிடித்தான் சொன்னவை. இனிக் கீமோ தேவையில்லை எண்டு. நாங்களும் சந்தோசப்பட்டுக் கேக் வெட்டினனாங்கள். பிறகுதான் மகன் விளங்கப்படுத்தினவன், அவை சொன்னது அதில்லை எண்டு."

நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். முகம் பாதியில் நின்றுவிட்டது.

டாக்டர் என்ன சொன்னார்? கீமோ வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம்? இரண்டு கேன்சர் என்பதால். இரண்டு இருக்கும்போது எப்படி வேண்டாம்? நல்ல செய்தி என்றார். அப்படித்தான் சொன்னாரா? கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீதானே பேசின? கரெக்டா என்ன வார்த்தை சொன்னாங்க?"

"நல்ல செய்தின்னாங்க."

"அந்த வார்த்தையேதானா?"

"ஆமாங்க. நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

ஆன்ட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "புதன்கிழமை டொக்டரைக் காணேக்குள்ள ஒழுங்காக் கேளுங்கோ. வெட்கப்படாமல் கேளுங்கோ. நாங்கள் கேக்கேல்லை," என்று சொல்லிவிட்டு, கோயிலுக்குப் போகாமல் எங்கள் சமையலறைக்குள் போய் அரிசி களைய ஆரம்பித்தார். சாப்பாடு வேண்டாம் என்று எழுதியதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவேயில்லை.

அந்த வாரக் கடைசி முழுக்க ஆட்கள் வந்தார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் பழம் வாங்கி வந்தார்கள். ஒரு பெண், வேலைக்கு நடுவில் ஓடிவந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் நான் விளக்கினேன். "ஒரே கேன்சர் பரவியிருந்தாத்தான் மோசமாம். இது ரெண்டு தனித்தனி. ரெண்டும் சின்னது. அதனால பரவாயில்லையாம்." என் வாயிலிருந்து அது வரும்போது, பயத்தில் கதை கட்டுகிறவளின் பேச்சைப்போலவே இருந்தது. கேட்டவர்களும் அப்படித்தான் தலையாட்டினார்கள். ஞாயிறு மாலைக்குள், என் பேச்சை நம்பாதவர்களின் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன்.

மகள் மட்டும் என் அறைக்கு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மா, ஆர் யூ டையிங்?" என்று நேராகக் கேட்டாள்.

"இல்லைன்னுதான் சொன்னாங்க கண்ணா."

"பட் டூ யூ நோ?"

தெரியாது என்றேன். அவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அப்படிப் படுத்தது அன்றுதான்.

புதன்கிழமை மூன்று பேருமாகப் போனோம். உள்ளே நுழைந்ததும் நான் உட்காராமலேயே கேட்டேன். "கீமோ வேண்டாம் என்றால், செய்து பிரயோஜனமில்லை என்று அர்த்தமா, தேவையில்லை என்று அர்த்தமா?"

டாக்டரின் முகம் மாறியது. "தேவையில்லை," என்றார். "என் தவறு. இதைப் போனில் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்கக் கூடாது." பிறகு பேனாவை எடுத்து வரைய ஆரம்பித்தார்.

கருப்பையில் இருந்தது உள்படலத்தோடு நின்றிருக்கிறது, சுவருக்குள் இறங்கவில்லை. அங்கேயே இறங்காதது, அதைத் தாண்டிச் சினைப்பைவரை போயிருக்கும் என்பது பொருந்தவில்லை. சினைப்பையில் இருந்ததோ, கட்டிக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. அதைச் சுற்றி, கருப்பைப் படலம் போன்ற திசு முன்பே இடம் மாறி வளர்ந்திருந்ததற்கான அடையாளம் இருந்தது. அதிலிருந்து அங்கேயே பிறந்திருக்கலாம். ஆகவே ஆரம்ப நிலையில் இரண்டு. இரண்டும் வெளியே எடுக்கப்பட்டுவிட்டன.

எனக்கு முதல் முறையாக மூச்சு சரியாக வந்தது. அதோடு விட்டிருக்கலாம். கணவர், "அப்படியென்றால் உறுதியாக இரண்டுதானே?" என்று கேட்டுவிட்டார்.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாதவர். "மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு. ஆனால் இப்போது இருக்கும் மரபணுச் சோதனைகளில் இப்படிப்பட்ட கட்டிகளைப் பார்த்தால், பல சமயம் இரண்டும் ஒரே செல்லிலிருந்து கிளைத்தவையாகத் தெரிகிறது."

"அப்படியானால் ஒன்று?"

"ஒரு கணக்கில் ஒன்று. ஆனால் பரவிய கேன்சர்போல நடந்துகொள்வதில்லை. தனித்தனி இரண்டுபோலத்தான் சாதுவாக நடந்துகொள்கிறது. ஏன் என்று எங்களுக்கு முழுமையாகத் தெரியாது. உங்களைப்போன்றவர்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கிறார்கள் என்பது தெரியும். கீமோவால் உங்களுக்குப் பெரிய லாபமில்லை என்பதும் தெரியும்."

மகள்தான் சிரித்தாள். பதற்றத்தில் வரும் சிரிப்பு. டாக்டரும் சிரித்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கணவர் அந்தப் படத்தைத் திருப்பி வைத்து, தலைகீழாக, நேராக என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிளம்பும் முன் இன்னொன்று கேட்டார்கள். குடும்பத்தில் யாருக்காவது குடல், கருப்பை, சினைப்பை இவற்றில் கேன்சர் வந்ததுண்டா? இரண்டு ஒரே நேரத்தில் வந்தால் பரம்பரையா என்று பார்ப்பார்களாம். திசுவில் செய்த சோதனையில் அதற்கான அறிகுறி இல்லை, இருந்தாலும் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். என் அம்மா என் பள்ளி நாட்களிலேயே வயிற்று நோயில் இறந்தவள். எந்த வயிற்று நோய் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அம்மாவுக்கு என்னக்கா இருந்துச்சு?"

"அல்சர்னாங்க."

"அல்சர்ல சாவாங்களா?"

"பெரியம்மா கர்ப்பப்பைன்னு சொல்லுவாங்க. சித்தப்பா குடல்னு சொல்லுவாரு. எங்கிட்ட யாரு சொன்னா? நீயாவது சின்னப் பொண்ணு. நான் காலேஜ் போயிட்டிருந்தேன், எனக்கே சொல்லலை." பிறகு அக்காவின் குரல் மாறியது. "ஏன்டி, எனக்கும் வருமா?"

"சோதனையில பரம்பரை மாதிரி தெரியலைன்னாங்கக்கா."

"அப்ப உனக்கு எதுக்கு வந்துச்சு? அதுவும் ரெண்டு?"

"ரெண்டுன்னும் நிச்சயமா சொல்ல முடியாதாம்."

"என்னடி டாக்டருங்க அவங்க?" என்று அக்கா கத்தினாள். நல்ல டாக்டர்தான் என்று சொல்லவந்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். ரத்தப்போக்கு இருந்தால் கறிவேப்பிலையோடு நிற்காமல் ஸ்கேன் எடு என்று மட்டும் சொன்னேன். அடுத்த மாதம் எடுத்தாள். ஒன்றும் இல்லை.

ஆன்ட்டியிடம் அன்று மாலையே போனேன். கதவைத் திறந்ததும் என் முகத்தைத்தான் படித்தார். தேவையில்லை என்றுதான் அர்த்தமாம் என்று சொன்னேன். டாக்டர் தந்த படத்தையும் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஓம், ஓம்," என்றார். பிறகு, "ரெண்டு எண்டால் ஒண்டைவிடக் கூட இல்லையோ?"

"எனக்கும் அதான் ஆன்ட்டி புரியலை."

"என்ர மனுசனுக்கு ஒண்டுதான் வந்தது," என்றார். "ஒண்டே ஒண்டு. சின்னன் எண்டுதான் முதல் சொன்னவை." படத்தை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உயிரோடு இருப்பதே அந்த நேரத்தில் ஒரு மரியாதைக் குறைவுபோல இருந்தது. அவர்தான் எழுந்து, "தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

குழுவில் மறுபடி எழுதினேன். இம்முறை கணவர் படித்துப் பார்த்து, மகள் படித்துப் பார்த்து, பிறகுதான் அனுப்பினேன். வாழ்த்துகள் வந்தன. ஆனால் அதன் பிறகும் சிலர் கடையில் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். மறைக்கிறேன் என்று நினைக்கிறார்களோ என்னவோ. நான் வேலைக்குத் திரும்பியபோது காப்பகத்துக் குழந்தைகள்தான் எளிதாக இருந்தார்கள். "உன் முடி எங்கே?" என்று கேட்டார்கள், வெட்டிவிட்டேன் என்றேன், சரி என்று மணலில் விளையாடப் போய்விட்டார்கள்.

கருப்பையும் சினைப்பைகளும் போனதால் ஒரே நாளில் எனக்கு மாதவிடாய் முடிந்துபோனது. மெல்பர்ன் குளிரில் திடீரென்று வியர்த்து, வாசலில் போய் நிற்பேன். அது பற்றி யாரும் படம் வரைந்து சொல்லவில்லை, அதற்கென்று இன்னொரு டாக்டரைப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அழைத்தார்கள்; இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. போகும் முன்பு ஒரு வாரம் கணவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை, பாத்திரம் மட்டும் நிறையத் துலக்குவார். அவர் இன்றுவரை இரண்டு என்று நம்புகிறார். மகள் ஒன்று என்கிறாள். பள்ளியில் உயிரியல் எடுத்தவள், மரபணுதான் முக்கியம் என்று வாதாடுகிறாள். நான் ஒரு நாள் இவர் கட்சி, ஒரு நாள் அவள் கட்சி.

போன முறை சோதனைக்குப் போய்விட்டு வந்தபோது ஆன்ட்டி குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கைப்பிடியை விடாமலே கேட்டார்.

"என்னவாம், பிள்ளை?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி."

"ஒண்டும் இல்லையோ?" என்று யோசித்தார். "அப்ப, மற்றது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டிருந்தார். அதனால் நானும் நிறுத்திக்கொண்டு, "ரெண்டும் இல்லை ஆன்ட்டி," என்றேன். "கர்த்தரே," என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இருவருமாகத் தொட்டியைத் தெருவோரம் தள்ளினோம்.